எண்ணெய் வைத்த வில்

"வில்லுல இருக்குற இந்தக் குதிர முடியில கை படக் கூடாது ஆன்ட்டி. கையில எப்பவும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும், அது பட்டா வில்லு தந்தியப் புடிக்காது, வழுக்கிட்டே போகும், சத்தமே வராது." வயலின் சொல்லிக்குடுக்குற மைத்ரேயி டீச்சர் இதச் சொல்லி ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தப்பு என் மேலதான், மொத ரெண்டு கிளாஸ்ல தந்திய விரலால மீட்ட மட்டும்தான் விட்டாங்க, இன்னிக்கு வில்லக் கையில குடுத்ததும் கட்ட விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் அந்த முடிய நெருடிப் பாத்துட்டேன். முப்பது வருஷமா ஜாக்கெட் தைக்கிற கை, எதக் குடுத்தாலும் மொதல்ல நெருடித்தான் பாக்கும், காட்டனா பாலியஸ்டரான்னு. டீச்சர் பதறிப்போய் கையத் தட்டிவிட்டாங்க. எனக்கு அம்பத்தாறு, அவங்களுக்கு இருபத்திநாலு, தட்டிவிட்டதுக்கு ஒடனே சாரியும் கேட்டாங்க. அப்புறம் அம்பர் கலர்ல ஒரு கட்டிய எடுத்து, இதுதான் ரோசின், மரத்துப் பிசின்னு சொல்லி முடியில இப்படியும் அப்படியும் தேச்சாங்க, வெள்ளையாப் பொடி உதுந்துச்சு. இந்தப் பொடிதான் ஆன்ட்டி தந்தியப் புடிக்கும், இது இல்லேன்னா வில்லு வெறும் குச்சி. சரிங்க டீச்சர்னு மண்டைய மண்டைய ஆட்டினேன். சம்மணம் போட்டு உக்காந்து, வயலினோட தலைய வலது பாதத்து மேல வச்சு, அடிப்பக்கத்த நெஞ்சோட சாச்சு, வில்லத் தூக்கித் தந்தியில வச்சு மொதல் இழுப்பு இழுத்தப்பதான் உள்ளுக்குள்ள ஒண்ணு இடறுச்சு. எண்ணெய் பட்டா சத்தமே வராது. யாரு வச்சா எண்ணெய். நான் வச்சேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, இதே வில்லுக்கு, என் புள்ள போட்டிக்குப் போறதுக்கு மொத நாள், நான்தான் வச்சேன்.

மத்திய ஸட்ஜம், அந்த நடு ஸ, மொத்த வில்லு, நாலு எண்ணிக்கைங்கறாங்க டீச்சர். சுருதிப் பெட்டி ஙொய்னு ஓடுது. இழுக்கறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு. வில்லு நடுவுக்கு வந்ததும் நடுங்குது. கோணாதீங்க ஆன்ட்டி, தந்தியத் தாங்குற இந்த பிரிட்ஜுக்கு நேரா வரணும். நேராத்தான வரணும், ஆயிரம் ஜாக்கெட்டுக்கு நேரா வெட்டுன கைதான இது, வரும், கொஞ்சம் பொறுங்க தாயி, என் மனசு இங்க இல்ல. என் மனசு உறையூர் வீட்ல, கூடத்துல, ஆயுத பூஜை அன்னிக்கு நிக்குது. என் தையல் மெஷினத் தொடச்சு, எண்ணெய் விட்டு, சந்தனம் வச்சாச்சு. கத்திரிக்கோலு, டேப்பு, பரிதி அப்பாவோட சைக்கிளு, அருவாமனை எல்லாத்துக்கும் ஆச்சு. அப்புறம் பரிதியோட வயலின் பொட்டியத் தெறந்தேன். இளம்பரிதி, என் ஒரே புள்ள, அப்ப பதினேழு வயசு. அவன் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தான். தெறந்து பாத்தா வில்லு முழுக்க வெள்ள வெள்ளையாப் பொடி. இந்தப் பய எவ்வளவு அழுக்கா வச்சிருக்கான் பாரு, நாளைக்குப் பெரிய மனுசங்க முன்னாடி உக்காந்து வாசிக்கணும், இதையா எடுத்துட்டுப் போவான்னு நெனச்சேன். லைனிங் துணி ஒண்ணக் கிழிச்சு ஈரம் பண்ணி, பொடியெல்லாம் போற வரைக்கும் தொடச்சேன். தொடச்சதும் முடி வறவறன்னு இருந்துச்சு. முடின்னா எண்ணெய் வைக்கணும்தான, வேற என்ன தெரியும் எனக்கு. மெஷினுக்கு எண்ணெய் வச்சாத்தான் ஓடும், தலைக்கு எண்ணெய் வச்சாத்தான் படியும். தேங்காய் எண்ணெயத் துணியில தொட்டு நுனியிலேருந்து அடிவரைக்கும் உருவி விட்டேன். ஒரு தடவையா, இல்ல, மூணு தடவ. பளபளன்னு ஆச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வயலினுக்கும் வில்லுக்கும் பொட்டு வச்சு, பொட்டிய மூடி, சாமி முன்னாடி வச்சுட்டேன்.

தோள்பட்டையத் தூக்காதீங்க ஆன்ட்டி, எறக்குங்க. எறக்கிட்டேன் டீச்சர். வச்சதுக்கப்புறமாவது அவன் எடுத்துப் பாத்திருக்கலாம்ல, ஒரு தடவ இழுத்துப் பாத்திருந்தா போதுமே. பாக்க விட்டேனா நான். சாயங்காலம் வந்து, அம்மா ஒரே ஒரு தடவ நாளைக்கு வாசிக்கிற வர்ணத்த ஓட்டிக்கிறேன்மான்னு கெஞ்சுனான். பூஜையில வச்சத மறுநாள் பூஜை முடியாம தொடக் கூடாதுடா, சாமி குத்தம்னு வெரட்டுனேன். வாயால பாடிப் பாத்துக்கிட்டே தூங்கிட்டான். விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கற்பூரம் காட்டி பொட்டியக் கையில குடுத்தேன், ஆறு மணி பஸ்ஸு. தஞ்சாவூர்ல அது ஒரு அறக்கட்டளை, விஜயதசமி அன்னிக்குப் புள்ளைங்கள வாசிக்க வச்சுப் பாத்து, வருஷத்துக்கு ரெண்டே பேர எடுத்து, மெட்ராஸ்ல தங்க வச்சு ஆறு வருஷம் சொல்லிக்குடுப்பாங்க. ஒன்பது வருஷமா அந்த ஒரு நாளுக்குத்தான் வாசிச்சான் அவன். வாத்தியாரே சொல்லிட்டாரு, இந்த வருஷம் பரிதிக்குத்தான்னு. லீவு நாள் கூட்டத்துல பஸ்ஸு துவாக்குடிகிட்ட மாட்டி, இவங்க போய்ச் சேரும்போது இவன் பேர ரெண்டாவது தடவ கூப்புடுறாங்களாம். அப்படியே ஓடி மேடையில ஏறி, பொட்டியத் தெறந்து, உக்காந்து, இழுத்தானாம். கூடப் போன அவங்க அப்பாதான் வந்து சொன்னாரு. உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்து மாதிரி வந்துச்சுடி, கை நடுங்கிருச்சு இவனுக்கு, கூட்டத்தப் பாத்து பயந்துட்டான், நாலு பேரு சிரிச்சுட்டாங்க. பரிதி கையக் கழுவுனான், தட்டு முன்னாடி உக்காந்தான், வில்லு தந்தியில நிக்கலம்மா அப்படின்னான். மூணு வார்த்த. என்கிட்டயேதான் சொன்னான். நடந்தத அப்படியே சொல்லியிருக்கான் என் புள்ள, கேட்டுட்டு நான் கொழம்பு ஊத்துனேன்.

அழுத்தாதீங்க ஆன்ட்டி. பாத்தீங்களா, கரகரங்குது. வில்லோட கனமே போதும், நீங்க தூக்கிட்டுப் போனா மட்டும் போதும். அவனும் அப்படித்தான அழுத்தியிருப்பான் பாவம். சத்தம் வரலேன்னா கை அழுத்தத்தான செய்யும். அழுத்த அழுத்த இன்னும் வழுக்கியிருக்கும். முன்னாடி நாலு பெரிய மனுசங்க, பின்னாடி நூறு பேரு, இவன் என்ன பண்றதுன்னு தெரியாம முட்டி முட்டி இழுத்திருப்பான். மனசு இங்கதான் வந்து வந்து மாட்டிக்குது, துணி மெஷின் பல்லுல மாட்டுற மாதிரி. எடுத்துவிட்டா மறுபடியும் அங்கயே வந்து மாட்டுது. இல்ல, இப்படியும் இருக்கலாமே, எண்ணெயினால இல்லாமக்கூட இருக்கலாமே. லேட்டாப் போனதுல வெடவெடத்துப் போயிருப்பான், காலையில பச்சத் தண்ணி குடிக்கல, கை நெசமாவே நடுங்கியிருக்கும். ரெண்டு சொட்டு எண்ணெய்க்கு ஒம்பது வருஷப் படிப்பு போயிருமா என்ன. கேட்டாத்தான் என்ன, கேட்டுட்டா நிம்மதி.

வில்ல நிறுத்திட்டுக் கேட்டேன். "டீச்சர், ஒரு சந்தேகம். வில்லுக்குத் தேங்காய் எண்ணெய் வச்சா என்ன ஆகும்?"

"வில்லுக்கா?" சிரிச்சுட்டாங்க. "யாராச்சும் வில்லுக்குப் போய் எண்ணெய் வைப்பாங்களா ஆன்ட்டி?"

"சும்மா கேக்கறேன். நல்லா வாசிக்கிற ஆளா இருந்தா? ரொம்ப வருஷம் கத்துக்கிட்ட ஆளா இருந்தா சமாளிச்சுருவாங்களா?"

"எங்க வாத்தியாரே வந்தாலும் முடியாது. நல்லா வாசிக்கிறவங்க மோசமா வாசிக்கிறவங்க எல்லாம் அதுல ஒண்ணுதான், ஸ்ஸுன்னு காத்து மட்டும் வரும். அந்த முடியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்த வேண்டியதுதான்."

வயலின் பழுது பாக்குற கடைக்காரரும் போன மாசம் இதத்தான சொன்னாரு. முடியெல்லாம் போச்சும்மா, ஒண்ணும் தேறல, மாத்திட்டேன்னாரு. எலி கடிச்சிருக்கும்னு நெனச்சேன். பரிதி அப்பா போய்ச் சேந்து மூணு வருஷம் ஆச்சு, மெஷினும் இப்பல்லாம் ரெடிமேட் வந்து சும்மா கெடக்கு, வயலின் பரண்மேல சும்மா கெடக்கு, நானும் சும்மா கெடக்கேன். சரி, அவன் தொட்டத நானாவது தொடுவோம்னுதான் எறக்குனேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல. ஓசூர்ல ஒரு மோட்டார் பார்ட்ஸ் கம்பெனியில தரம் பாக்குற வேல அவனுக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை பதினோரு மணி டீ பிரேக்ல கூப்புடுவான். அந்த வயலின யாருக்காச்சும் குடுத்துரும்மான்னு ரெண்டு தடவ சொல்லிட்டான். என் தம்பி மக கல்யாணத்துல வயலின் வாசிச்சாங்க, இவன் மொத பந்தியில சாப்புட்டுட்டு வெளிய வண்டி நிக்கிற எடத்துல போய் மூணு மணி நேரம் நின்னான். வெயில்ல ஏன்டா நிக்கறன்னு கேட்டேன், காத்து வருதும்மான்னான். காத்தே இல்ல அன்னிக்கு.

வாங்க ஆன்ட்டி, மறுபடியும். மணிக்கட்டு மொதல்ல போகணும், கை அது பின்னாடி வரணும். சரி. மணிக்கட்டு மொதல்ல. இதெல்லாம்கூடப் பரவால்ல, தெரியாமப் பண்ணிட்டேன், சாமிக்குன்னு பண்ணேன். அதுக்கு அப்புறம் ஒண்ணு பண்ணேனே, அதத்தான் தாங்க முடியல. அன்னிக்கு ராத்திரி அவங்க அப்பா, நம்ம ரத்தத்துல இதெல்லாம் இல்லடா, நம்ம வீட்ல யாரு வாசிச்சா, விட்டுத் தொலைன்னாரு. புள்ள என் மூஞ்சியப் பாத்தான். அம்மா ஏதாச்சும் சொல்லுவான்னு பாத்தான். நான் என்ன சொன்னேன். விடுடா சாமி, நமக்கு வரலேன்னா என்ன பண்றது, எது வருமோ அதப் பாப்போம்னு சொன்னேன். தலையக் கோதிவிட்டு, பாசமாத்தான் சொன்னேன், அதுதான் கொடுமை. மறுநாளு பாயசம் வேற வச்சேன். உனக்கு வராதுன்னு ஊருல நூறு பேரு சொல்லியிருந்தாலும் அவன் மீறி வாசிச்சிருப்பான், பெத்தவ வாயால வந்ததும் பொட்டிய மறுபடி தெறந்துகூடப் பாக்காமப் பரண்ல ஏத்திட்டான். எண்ணெய் வச்சதும் நான், வராதுன்னு சொன்னதும் நான், என் புள்ள தலையில ரெண்டு கையாலயும் மண்ண அள்ளிப் போட்டிருக்கேன். ஒருத்தியே வந்து ரெண்டு தடவ.

சத்தம் மாறிச்சு. மொதல்ல எனக்கே தெரியல. நடுவுல நடுங்கல, கரகரங்கல, வில்லு நுனிவரைக்கும் போய்த் திரும்பி வருது, ஒரே சத்தமா, முழுசா, நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து அதிருது. ஐயோ இதுவா, இதத்தான் அவன் தெனம் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து இழுத்தானா. நான் அடுப்படியில பாத்திரத்த உருட்டிக்கிட்டு, ஒரே ராகத்த எத்தன தடவடான்னு கத்துவேன். இது நெஞ்சுல வந்து இடிக்கும்னு யாரு சொன்னா எனக்கு.

"ஆன்ட்டி, நிறுத்தாதீங்க, வந்துருச்சு." டீச்சர் முட்டி போட்டு முன்னாடி வந்துட்டாங்க. "மூணாவது கிளாஸ்ல இப்படி வில்லு நிக்கறது ரொம்பக் கஷ்டம். வீட்ல யாராச்சும் வாசிப்பாங்களா? ரத்தத்துலயே இருக்கு போல உங்களுக்கு."

பையன் வாசிப்பான்னு சொன்னேன். வாசிச்சான்னு சொல்லியிருக்கணும். கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கக் கை இல்ல, ஒரு கையில வயலின் ஒரு கையில வில்லு. டீச்சர் சந்தோஷத்துல அழறேன்னு நெனச்சுக்கிட்டு ஃபேனக் கூட்டி வச்சாங்க.

பத்து நாப்பது. கிளாஸ் முடிஞ்சுது. வில்லோட திருக லூஸ் பண்ணிட்டு வைங்க ஆன்ட்டி, இறுக்கமா வச்சா குச்சி வளஞ்சுரும். லூஸ் பண்ணினேன். பொட்டிய மூடினேன். இன்னிக்கு சனிக்கிழமை, இன்னும் இருவது நிமிஷத்துல பரிதி போன் வரும். சொல்லணுமா. சொல்லாம இருந்தா என்ன. யாருக்குத் தெரியும், எனக்கும் அந்தத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்கும்தான் தெரியும். அவனுக்கு வேல இருக்கு, சம்பளம் இருக்கு, நல்லாத்தான் இருக்கான், பழசக் கிளறி என்ன ஆகப்போகுது. இப்படித்தான் படியில ஒவ்வொண்ணா எறங்கறேன், ஒரு படிக்குச் சொல்லணும், அடுத்த படிக்கு வேண்டாம். சொன்னா என்னைய வெறுத்துருவானோ. வெறுக்கட்டும். அதுக்கு பயந்துகிட்டுச் சொல்லாம இருந்தா, இன்னும் அம்பது வருஷம் அவன் கையில தப்புன்னு நெனச்சுக்கிட்டே வாழுவானே. கை நடுங்குன பயன்னு அவனே அவனப் பத்தி நெனச்சுக்கிட்டே சாவானே. அது நடுங்கல. நடுங்காத கை அது. அது நல்ல கைன்னு அவனுக்குச் சொல்ல என்னைய விட்டா வேற ஆளு இல்ல. தெரிஞ்சா சந்தோஷப்படுவான். மொதல்ல கோவப்பட்டாலும் அப்புறம் மனசுல இருந்து ஒரு பாறை எறங்குன மாதிரி இருக்கும். கண்டிப்பா இருக்கும். தில்லைநகர் பஸ் ஸ்டாப் பெஞ்சுல பொட்டிய மடியில வச்சு உக்காந்தேன். கையெல்லாம் வேர்த்துப் போச்சு, பொட்டிமேல படாம சேலையில தொடச்சேன். போன் வந்துச்சு.

"அம்மா. சாப்டியா? எங்க இருக்க, வண்டிச் சத்தமா கேக்குது?"

"பஸ் ஸ்டாப்ல. கிளாஸுக்கு வந்தேன்டா."

"என்ன கிளாஸு?"

"வயலின். உன்னோடதுதான்."

லேசாச் சிரிச்சான். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம். வருதா?"

"இன்னிக்கு வந்துச்சு. பரிதி, குறுக்க பேசாமக் கேளு. தஞ்சாவூருக்குப் போனியே, அதுக்கு மொத நாள் பூஜையில வைக்கும்போது உன் வில்லத் தொடச்சுட்டு எண்ணெய் வச்சுட்டேன்டா. தேங்காய் எண்ணெய். அழுக்குன்னு நெனச்சு அந்தப் பொடியவும் தொடச்சுட்டேன். எனக்குத் தெரியாது சாமி. இன்னிக்குத்தான் டீச்சர் சொன்னாங்க. அதான் சத்தம் வரல உனக்கு."

பின்னாடி யாரோ டம்ளர வச்சுட்டுப் போற சத்தம். அவன் அங்கேருந்து நகந்து வேற எடத்துக்குப் போறது தெரிஞ்சுது.

"முடியிலயா வச்ச?"

"ஆமா."

"மொத்தமுமா?"

"நுனியிலேருந்து அடிவரைக்கும். மூணு தடவ."

"அப்ப நான் நல்லாத்தான் இழுத்தேனா."

"நல்லாத்தான் இழுத்திருக்க. யாரு இழுத்திருந்தாலும் வந்திருக்காதாம். உன் கையில ஒண்ணுமே இல்லடா. உனக்கு வராதுன்னு சொன்னேனே, அது பொய்யிடா, உனக்கு வந்திருக்கும்."

சந்தோஷப்படுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். கத்துவான்னும் காத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டுக்கும் தயாராத்தான் இருந்தேன்.

"ஏம்மா சொன்ன" அப்படின்னான். மெதுவா, சின்னப் புள்ளையில காச்சல் வந்தா பேசுவானே, அந்தக் கொரல்ல. "வராத ஒண்ணத்தான விட்டேன்னு இருந்தேன்மா. பதினோரு வருஷமா அப்படித்தான் சமாளிச்சேன். எனக்கு வராது, அதனால போச்சு, அவ்வளவுதான். இப்ப வந்திருக்கும்னு சொல்றியே. இனிமே தெனம் காலையில எந்திரிச்சு நான் என்ன நெனைக்கிறது?"

போன வச்சுருவான்னு நெனச்சேன், வைக்கல. அங்க பிரேக் முடிஞ்ச மணி அடிச்சுது, யாரோ அவன் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, அப்பவும் வைக்கல. தஞ்சாவூர்லேருந்து திரும்பி வந்த அன்னிக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடாத புள்ள. இப்பத்தான் அழறான்.